கூட வந்தவர்களிடம் மட்டும் பேசியவள்

அவளை எனக்கு ஒரு வருடம்தான் தெரியும். அந்த ஒரு வருடமும் என் அம்மாவை அவள் கண்ணில் படாமல் வைத்திருந்தேன்.

கும்மிடிப்பூண்டியில் பெரிய சாலையை ஒட்டி, செல்போன் கடைக்கு மேல் மாடியில் ஒரு பல் கிளினிக். பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைக்கும் வரைக்கும் என்று அங்கே சேர்ந்தேன். கருவிகளைக் கழுவி அடுக்குவது, எக்ஸ்ரே அறையில் ஆளை நிற்க வைப்பது, அடுத்தவரைக் கூப்பிடுவது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு அந்த மாடிப்படி ஏறும்போது முதுகு தானாக நிமிரும். அதற்காக ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை.

டாக்டர் அறைக்கு முன்னால் கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறை அவளுடையது. கதவில் கவுன்சிலர் என்று ஒட்டியிருந்தார்கள். போன பல்லுக்குப் பதிலாக என்ன வைக்கலாம், எவ்வளவு ஆகும், எப்படிக் கட்டலாம், எல்லாம் அவள்தான் பேசுவாள். நாற்பது வயது இருக்கும். கஞ்சி போட்ட காட்டன் புடவை, இழுத்துக் கட்டிய கொண்டை, காதில் சின்னத் தோடு. குரல் மட்டும் வெல்லப்பாகு. நேரில் நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். எழுத உட்கார்ந்தால் அவள் என்றுதான் வருகிறது. மாற்றப் போவதில்லை.

பல் வலியோடு ஒருவர் உள்ளே வந்தால், எந்தப் பல் என்று அவள் கேட்க மாட்டாள். "கூட யார் வந்திருக்காங்க?" என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. மகனோ மகளோ மருமகனோ கூட வருவார்கள். அப்படி வருவது மரியாதை. அந்த மரியாதையை வைத்துத்தான் அவள் தொழில் செய்தாள்.

அவள் மேஜைக்கு எதிரே நல்ல நாற்காலி ஒன்று. சுவர் ஓரமாக ஒரு ஸ்டூல். பல் போனவர் ஸ்டூலில். கூட வந்தவர் நாற்காலியில். மேஜையில் பிளாஸ்டிக்கால் செய்த தாடை ஒன்று இருக்கும். ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி. உள்ளே எலும்பில் திருகாணி இறங்கியிருப்பதும், அதன் மேல் பல் உட்கார்ந்திருப்பதும் தெரியும். அதை எடுத்து நாற்காலிக்காரர் கையில் வைப்பாள். ஸ்டூலில் இருப்பவர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

"பல்லு போனவங்க முடிவு எடுக்க மாட்டாங்க பாப்பா," என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். "கூட வந்தவங்கதான் எடுப்பாங்க. நான் எதுக்கு வாயைப் பாத்துப் பேசணும்?"

சொந்தபந்தத்தில் யாரை எங்கே அழுத்தினால் பணம் வரும் என்பது அவளுக்கு அத்துப்படி. மகன் தனியாக வந்தால் பாதி வேலை முடிந்தது. மனைவியோடு வந்தால் அந்தப் பெண்ணைக் கீழே போய்த் தண்ணீர் பாட்டில் வாங்கி வரச் சொல்லிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பாள். மகள் என்றால் கண்ணில் தண்ணீர் வரும், உடனே கையெழுத்தும் வரும். அண்ணன் தம்பி யாராவது கூட வந்தால், "டீ குடிச்சிட்டுப் போறதுக்கு வந்துக்கீறான், நீ அடுத்த ஆளைக் கூப்பிடு," என்று காதோடு சொல்லி அனுப்பிவிடுவாள். வேப்பம்பட்டிலிருந்து ஒருமுறை ரிட்டயர்டு ஆன ஐயா ஒருவர் தனியாக வந்தார். கையில் பணம் வைத்திருந்தார். கேள்வி மேல் கேள்வி கேட்டார். அவள் பிளாஸ்டிக் தாடையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். "வீட்ல யாரையாச்சும் கூட்டிக்கினு வாங்க சார், அப்பத்தான் டாக்டர் பாப்பாரு," என்று ஒரே போடாகப் போட்டு அனுப்பிவிட்டாள். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு. நாள் முழுக்கப் பல்லைப் பற்றியே பேசுகிறவளுக்குப் பல் போன ஆளிடம் பேசத் தெரியவில்லை.

சேர்ந்த புதிதில் என்னையும் துருவினாள்.

"உங்க ஊட்ல யார் யார் கீறாங்க?"

"அப்பா, அம்மா."

"அம்மாவுக்குப் பல்லு எல்லாம் நல்லா கீதா?"

"நல்லா கீது அக்கா."

பொய். அம்மாவுக்குக் கீழ் வரிசையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்கள் கிடையாது. ஈறு வீங்கி, ஆடி, ஒன்றொன்றாகப் பிடுங்கியது. முன்பல்லாலேயே கொறித்துக் கொறித்துச் சாப்பிடுவாள். கறிக்குழம்பு வைத்தால் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டு கறியை எங்கள் தட்டில் தள்ளுவாள். அன்று நான் சொன்ன பொய்யை இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டுவேன். மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டே கேட்பாள். "அந்தப் பொம்பளை இன்னிக்கு இன்னா பண்ணா?" என்று அவளே ஆரம்பிக்கிற நாளும் உண்டு.

எனக்கும் கண்ணாடி அறைக்காரிக்கும் மத்தியானச் சாப்பாடு எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் உள்ள சந்தில். ஒரு நாள் நான் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது அவள் சுவர் பக்கம் திரும்பி வாயில் கை விட்டு எதையோ எடுத்தாள். டிஷ்யூ காகிதத்தில் சுற்றினாள். ரோஸ் நிறத் தகடு, அதில் ஒரே ஒரு பல். கழற்றி மாட்டுகிற பல். அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்துகொண்டு எதை அவள் தினமும் கேவலமாகப் பேசினாளோ, அதே பல்.

நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

"இன்னா பாக்குற? எனக்கு இது போதும்."

"நம்ம கிளினிக்குத்தானே அக்கா. டாக்டர்கிட்ட சொன்னா கம்மியா வெச்சுத் தருவாரு."

தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "எனக்குக் கூட வர்றதுக்கு யார் கீறா?"

இந்த இடத்தில் படிக்கிறவர்களுக்கு இரக்கம் வரும். எனக்கும் வந்தது, அவள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும். பிறகு வாயைக் கொப்பளித்து, அந்தப் பல்லை மாட்டிக்கொண்டு, கண்ணாடி அறைக்குள் போனாள். அங்கே ஓர் அம்மாவும் அவருடைய மருமகனும் காத்திருந்தார்கள். உட்கார்ந்ததும் உட்காராததுமாக அந்த அம்மாவைப் பார்த்து, "மாப்பிள்ளை முன்னாடி பல்லைக் கழட்டி டம்ளர்ல போடுவீங்களாம்மா?" என்று கேட்டாள். அவள் அந்த அம்மாவிடம் நேராகப் பேசிய ஒரே வாக்கியம் அதுதான். அதுவும் மருமகன் காதில் விழுவதற்காக. என் இரக்கம் அந்த இடத்திலேயே செத்தது.

அந்த மருமகன் அத்திப்பட்டில் அனல் மின் நிலையத்தில் ஒப்பந்த வெல்டர். கழுத்தில் அடையாள அட்டையோடு ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். கை விரல்களில் தீப்பொறி பட்ட புள்ளிகள். பிளாஸ்டிக் தாடையை அவர் கையில் வைத்தாள்.

"அத்தை, உங்களுக்கு எது சரின்னு படுது?" என்று அவர் ஒழுங்காகத்தான் கேட்டார்.

"எனக்கு இன்னா தெரியும் மாப்ளை. உங்க இஷ்டம்," என்றார் அந்த அம்மா. மருமகனிடம் மாமியார் வேறு எதைச் சொல்வார்? கழற்றுகிற பல்லே போதும் என்றால், மருமகனுக்கு வக்கில்லை என்று சொன்ன மாதிரி ஆகும். திருகாணிப் பல் வேண்டும் என்றால் பேராசை. அதே மாதிரி மாமியார் முன்னால் மருமகன் முடியாது என்று சொல்ல முடியாது. இரண்டு பேரையும் ஒரு கயிற்றில் கட்டிவிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள் அவள்.

"அண்ணா, உங்களை மாதிரி மாப்பிள்ளை கிடைக்க இவங்க குடுத்து வெச்சிருக்கணும்," என்றாள். அவ்வளவுதான். நான்கு பல்லுக்குத் தவணைக் கடன். மாதா மாதம் அவர் சம்பளத்திலிருந்து பிடிப்பார்கள்.

டாக்டர் அறையில் நானும் இருந்தேன். சர்க்கரை இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். அந்த அம்மா, "இருக்குதுங்க, போன வாட்டி ரொம்ப…" என்று ஆரம்பித்தார். வாசலில் நின்றிருந்த அவள் குறுக்கே புகுந்தாள். "கண்ட்ரோல்ல இருக்கு டாக்டர், மாத்திரை எடுக்குறாங்க." டாக்டர் இளைஞர். முதலாளி சென்னையில். கையெழுத்தான கேஸைத் திருப்பி அனுப்பினால் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். அவள் அந்த அம்மாவிடம் முந்தைய ரிப்போர்ட்டே போதும் என்று சொல்லிவிட்டாள். டாக்டரும் மறுபடி கேட்கவில்லை.

எலும்பில் திருகாணியை இறக்கிவிட்டுச் சில மாதம் விட வேண்டும். எலும்பு அதைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் மேலே பல் வைப்பார்கள். சர்க்கரை ஏறிக் கிடக்கிற உடம்பில் அது பிடிக்காமல் போகலாம். இது எனக்கே தெரியும். அவளுக்குத் தெரியாதா?

சில மாதம் கழித்து அவர்கள் வந்தார்கள். இரண்டு திருகாணி ஆடுகிறது. ஈறு சிவந்து சீழ் வைத்திருந்தது. டாக்டர் எடுத்துவிட வேண்டும் என்றார். மருமகன் வெளியே வந்து கண்ணாடி அறையில், "அப்ப நான் கட்டுற தவணை?" என்று கேட்டார்.

"அது கடன் குடுத்த கம்பெனிக்குப் போறது அண்ணா. நம்ம கையில இல்ல." வெல்லப்பாகு குறையவே இல்லை. "வேலைல தப்பு எதுவும் இல்ல. உங்க மாமியாருக்கு உடம்பு வாகு அப்படி."

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா எழுந்தார். வாயில் பஞ்சு வைத்திருந்தது. அதை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மாப்ளை, மன்னிச்சுக்குங்க," என்றார்.

தன் தாடை எலும்புக்காக ஒரு பெண் மருமகனிடம் மன்னிப்புக் கேட்டார். நான் டிரேயைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அந்த மனிதர், "அத்தை, உக்காருங்க அத்தை, இன்னா பேசுறீங்க நீங்க," என்று குனிந்து அவர் தோளைப் பிடித்தார். அவள் மேஜையில் இருந்த பிளாஸ்டிக் தாடையை ஒரு துணியால் துடைத்து நேராக வைத்தாள். அடுத்த ஆள் உள்ளே வரவேண்டும் இல்லையா.

அன்று சாயங்காலம் அவளிடம் கேட்டேன். "அவங்களுக்குச் சர்க்கரை ஏறியிருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல அக்கா?"

"நான் இன்னா டாக்டரா?"

"அப்ப டாக்டர் கேக்கும்போது ஏன் நீங்க பதில் சொன்னீங்க?"

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நாலு எழுத்து படிச்சிட்டா வாய் நீளுது. இந்தக் கிளினிக்கு ஓடினாத்தான் உனக்குச் சம்பளம். போய்க் கருவி வேகுற ஸ்டீமரை ஆஃப் பண்ணு."

எனக்குப் படிப்பு நாலு எழுத்து அல்ல. அதற்காக என் அப்பா உரக் கடைக்காரரிடம் கடனுக்கு நின்ற நிற்பும் எனக்குத் தெரியும், அம்மா விற்ற கன்றுக்குட்டியும் தெரியும். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். மன்னிப்புக் கேட்ட அம்மாவைப் பற்றிச் சொன்னபோது என் அம்மாவின் கை தவிட்டுத் தண்ணீருக்குள் நின்றுவிட்டது. "தாயோளி வேலை," என்று மட்டும் சொன்னாள். அவள் வாயில் அந்த மாதிரி வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

பிறகு ஒரு நாள் முற்பகல். எக்ஸ்ரே அறையில் ஒரு பையனை நிற்க வைத்துவிட்டு வெளியே வந்தேன். கண்ணாடி அறையில், ஸ்டூலில், என் அம்மா.

நல்ல புடவை. தலையில் எண்ணெய். மடியில் பால் சொசைட்டிக்குப் போகும்போது எடுத்துப் போகிற ஒயர்கூடை. அம்மா என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அங்கே சுவர்தான் இருக்கிறது என்பது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கூட யார் வந்திருக்காங்கம்மா?"

"யாரும் இல்ல. ஒண்டியாத்தான் வந்தேன்."

"பசங்க?"

"பொண்ணு ஒண்ணு கீது. அது வேலையில கீது. நீ பல்லைப் பத்திச் சொல்லு."

அவள் அம்மாவின் காதைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள். மரியாதை அப்போதே இறங்கியது. "உனக்குக் கழட்டி மாட்ற பல்லு போதும்மா."

"ஆணி எறக்கி வெக்கிறாங்களாமே, அது?"

"அது எல்லாம் உனக்கு எதுக்கு? ஊட்ல யாரையாச்சும் கூட்டிக்கினு வா, பேசலாம். பாப்பா, அடுத்த ஆளை அனுப்பு."

எனக்குப் புரிந்துவிட்டது. நான் ஒரு வருடமாகச் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, யாரையும் மாட்டிவிடாமல் தனியாக வந்திருக்கிறாள். என்னை மகள் என்று சொன்னால் நான் சிக்கிக்கொள்வேன் என்று தெரிந்து, பெற்ற மகளை யாரோ என்று பார்க்கிறாள். நான் வாயை மூடிக்கொண்டு அடுத்த ஆளை அனுப்பியிருந்தால் அம்மா எழுந்து படியிறங்கிப் போயிருப்பாள். என் சம்பளமும் பத்திரமாக இருந்திருக்கும். ஆனால் 'உனக்கு எதுக்கு' என்று என் அம்மாவைப் பார்த்து ஒருத்தி சொல்ல, நான் வெள்ளைக் கோட்டோடு நின்று கேட்பதா?

"அது எங்கம்மா," என்றேன்.

அம்மா கண்ணை மூடித் திறந்தாள். கெடுத்தாயே என்று அதற்கு அர்த்தம்.

மேஜைக்குப் பின்னாலிருந்து அவள் எழுந்தே விட்டாள். "அடிப் பாவி, முதல்லயே சொல்லக் கூடாதா? வாங்கம்மா, தண்ணி குடிக்கிறீங்களா? நீ இப்பிடி உக்காரு பாப்பா." நாற்காலியை எனக்காக இழுத்தாள். பிளாஸ்டிக் தாடை என் பக்கம் நீண்டது. "மாட்டை வெச்சுக்கினு உன்னைப் படிக்க வெச்சவங்க. படிக்க வெச்ச அம்மாவுக்கு நீ பல்லு வெக்க மாட்டியா?"

சரியாக அடிக்கத் தெரிந்தவள். ஒரு வருடம் என்னோடு சாப்பிட்டிருக்கிறாள், என் பெருமை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? நான் உட்காரவில்லை.

"வாய் அவங்களுது. அவங்ககிட்ட பேசுங்க அக்கா."

"அவங்களுக்கு இன்னா புரியும்…"

"எனக்குப் புரியுது," என்றாள் அம்மா. "என்னைப் பாத்துச் சொல்லு."

அவள் ஆரம்பித்தாள். இரண்டு வார்த்தை போனதும் முகம் தானாக என் பக்கம் திரும்பியது. அம்மா மேஜையில் விரலால் தட்டினாள். "இங்க." மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி என் பக்கம் திரும்பினாள். "இங்கம்மா, இங்க. பல்லு இல்லாதவ நானு." வெல்லப்பாகு அன்று ஓடவில்லை. பல் போன மனுஷியின் வாயைப் பற்றி அந்த மனுஷியிடமே பேசுவது அவளுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

"போட்டோ எடுக்காமயே எலும்பு தாங்குமான்னு எப்பிடித் தெரியும்?" என்றாள் அம்மா. "ரத்தம் பாக்க மாட்டீங்களா?"

"அதெல்லாம் டாக்டர்…"

"அப்ப நான் டாக்டர்கிட்டயே பேசிக்கிறேன்." கூடையை எடுத்துக்கொண்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

நான்தான் எக்ஸ்ரே எடுக்க நிற்க வைத்தேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டி, அன்றைக்கு முதல்முறையாக ஒருவருக்கு நிதானமாக விளக்கினார். இடது பக்கம் எலும்பு நன்றாக இருக்கிறது, இரண்டு வைக்கலாம். வலது பக்கம் தேய்ந்துவிட்டது. எலும்புத் தூள் வைத்து நிரப்பினால்தான் முடியும், செலவும் நாளும் ஆகும். கழற்றி மாட்டுகிற பல்லும் தப்பில்லை, சிலருக்கு உறுத்தும். ஒன்றுமே செய்யாமலும் இருக்கலாம். அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெளியே வந்து கண்ணாடி அறை வாசலில் நின்றாள்.

"எடப் பக்கம் ரெண்டு ஆணி. ரத்தம் பாத்துட்டு அப்புறம். வலப் பக்கம் வேணாம். ஒரு பக்கம் மென்னாலே எனக்குப் போதும்."

"தவணைக்கு உன் பேரைப் போட்டுடலாமா பாப்பா?" என்று அவள் என்னிடம் கேட்டாள்.

"தவணை கிவணை எல்லாம் வேணாம். ஆணிக்கு இப்ப பால் காசு கீது. மேல வெக்கிற பல்லுக்கு இன்னும் மாசம் கீதில்ல, அதுக்குள்ள மாடு கறக்கும். உங்க நைனாவும் குடுக்க வேணாம், நீயும் குடுக்க வேணாம்," என்று அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள். அன்று அங்கே வந்த பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. பிறகு கூடையிலிருந்து பணத்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. பணம் வந்துவிட்டது, இருந்தும் பொறுக்கவில்லை. "படிச்ச பொண்ணு, சம்பாதிக்கிற பொண்ணு பக்கத்துல நிக்குது. அம்மாவே காசு குடுத்துப் பல்லு கட்டினாங்கன்னு தெரிஞ்சா நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

அம்மா படியிறங்கப் போனவள் நின்றாள்.

"யாரந்த நாலு பேரு?" என்றாள். "ஒரு நாளு இட்டுக்கினு வா அவங்கள. வாயைத் தொறக்கச் சொல்லு. எத்தினி பல்லு கீதுன்னு எண்ணிட்டு அப்புறம் பேசச் சொல்லு."